மகளிர் மல்லாந்த நீச்சல்: உலகப் போட்டிகளின் வரலாறு

மல்லாந்த நீச்சல் என்பது முதுகு நீரில் படிய, முகம் மேல்நோக்கி இருக்க, இரு கைகளையும் மாற்றி மாற்றித் தலைக்குப் பின்னால் வீசி நீந்தும் முறையாகும். செய்தித்தாள்கள் இதனைப் 'பேக்ஸ்ட்ரோக்' என்றே எழுதுகின்றன. பன்னாட்டுப் போட்டிகளில் உள்ள நான்கு நீச்சல் முறைகளில் இது ஒன்று. கட்டற்ற நீச்சல், மார்பு நீச்சல், வண்ணத்துப்பூச்சி நீச்சல் ஆகியவை மற்ற மூன்று. பெண்களுக்கான மல்லாந்த நீச்சல் ஒலிம்பிக்கில் 1924-ஆம் ஆண்டு பாரிசிலும், உலக நீச்சல் சாம்பியன்ஷிப்பில் 1973-ஆம் ஆண்டு பெல்கிரேடிலும் தொடங்கியது.

டோக்கியோ ஒலிம்பிக்கில் 2021 ஜூலை 25 அன்று, அகமதாபாத்தைச் சேர்ந்த மானா பட்டேல் 100 மீட்டர் மல்லாந்த நீச்சலின் முதற்சுற்றில் இந்தியா சார்பில் கலந்துகொண்டார். அவர் எடுத்துக்கொண்ட நேரம் 1 நிமிடம் 5.20 வினாடி. தம் பிரிவில் இரண்டாவதாக வந்தும், மொத்தப் பட்டியலில் அவருக்கு 39-ஆவது இடமே கிடைத்தது. செய்தி அதோடு முடிந்துவிட்டது. ஆனால் பழைய பட்டியலைப் புரட்டினால் வேறொன்று தெரிகிறது. 1973-இல் பெல்கிரேடில் இதே தூரத்தில் முதல் உலக சாம்பியன் ஆன கிழக்கு ஜெர்மனியின் உல்ரிக்கே ரிக்டர் நீந்திய நேரம் 1:05.42. அதற்கு முந்தைய ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்காவின் மெலிசா பெலோட் நீந்தியது 1:05.78. இரண்டுமே மானா பட்டேலின் நேரத்தைவிட மெதுவானவை. ஒரு காலத்தில் உலக சாம்பியன் பட்டத்துக்குப் போதுமானதாக இருந்த நேரம், 48 ஆண்டுகளில் 39-ஆவது இடத்துக்குப் போய்விட்டது.

பெண்கள் வேகமாகிவிட்டார்கள் என்று ஒரே வரியில் இதற்குப் பதில் சொல்லிவிடலாம். அது பாதிப் பதில்தான். இந்த ஒரு பந்தயத்தில் குறைந்த ஒவ்வொரு வினாடிக்கும் தனித்தனிக் காரணம் உண்டு. சில வினாடிகள் பயிற்சியால் குறைந்தன, சில விதி மாற்றத்தால், சில நீச்சலுடையால், சில, சிறுமிகளுக்குத் தெரியாமலே அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட மாத்திரையால்.

நீந்தும் முறை

மல்லாந்து நீந்துவது தமிழ்நாட்டுக் கிராமத்தாருக்குப் புதிதன்று. ஜவ்வாது மலையடிவாரத்தில், வேலூரிலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் உள்ள கண்ணமங்கலம் போன்ற ஊர்களில் பிள்ளைகள் பாசனக் கிணற்றில்தான் நீச்சல் பழகுவார்கள். முதுகில் சுரைக்குடுக்கையையோ காலி பிளாஸ்டிக் கேனையோ கட்டி இறக்கிவிடுவார்கள். கை ஓய்ந்துபோனால் மல்லாந்து படுத்து மூச்சு வாங்கிக்கொள்வது தொடக்கப் பாடங்களில் ஒன்று. இப்படிப் பழகுபவர்களில் ஆண்பிள்ளைகளே மிகுதி என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஓய்வெடுக்கும் இந்த நிலையைப் பந்தயமாக மாற்றியபோது ஒரு சிக்கல் எழுந்தது. முகம் நீருக்கு வெளியே இருப்பதால் மூச்சுக்குத் தடையில்லை. ஆனால் போகும் திசை கண்ணுக்குத் தெரியாது. சுவர் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் முழு வேகத்தில் போனால் தலை மோதும். அதனால்தான் குளத்தின் இரு முனைகளிலும் சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி, நீருக்கு மேலே கொடித் தோரணம் கட்டுகிறார்கள். கொடியைப் பார்த்ததிலிருந்து எத்தனை கைவீச்சில் சுவர் வரும் என்று நீச்சல் வீராங்கனை எண்ணிப் பழகியிருப்பார்.

நான்கு முறைகளில் நீருக்குள் இருந்தபடியே தொடங்குவது இது ஒன்றுதான். கைப்பிடியைப் பற்றி, கால்களைச் சுவரில் ஊன்றி, பின்பக்கமாகப் பாய வேண்டும். நான்கு பேர் நான்கு முறைகளில் நீந்தும் தொடர் கலப்பு நீச்சலில் மல்லாந்த நீச்சலே முதலில் வருவதற்கும் இதுவே காரணம். நடுவில் வைத்தால், முடித்து வருபவரும் புறப்படுபவரும் ஒரே சுவரில் இடித்துக்கொள்வார்கள். முதல் ஆளாகப் புறப்படுபவர் துப்பாக்கி ஒலிக்கோ மின்னொலிக்கோ கிளம்புவதால், அவர் நீந்தும் நேரம் தனிநபர் சாதனையாகவும் ஏற்கப்படுகிறது.

தொடக்க காலம்

ஒலிம்பிக்கில் ஆண்கள் 1900-ஆம் ஆண்டிலேயே மல்லாந்த நீச்சலில் போட்டியிட்டனர். பெண்களுக்கு எந்த நீச்சல் போட்டியும் 1912 வரை இல்லை. மல்லாந்த நீச்சலுக்கு மேலும் 12 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. அப்படிக் காத்திருந்தவர்களில் ஒருவர் அமெரிக்காவின் சிபில் பாவர். 1922-இல் பெர்முடாவில் நடந்த ஒரு நீச்சல் விழாவில் 440 கெஜத்தை மல்லாந்து 6 நிமிடம் 24.8 வினாடியில் நீந்தினார். அது அப்போதைய ஆண்கள் சாதனையைவிட ஏறத்தாழ 4 வினாடி வேகமானது. முறையான போட்டியில் நடந்ததன்று என்பதால் சாதனைப் பட்டியலில் அது ஏறவில்லை. 1924-இல் பாரிசில் முதல் தங்கத்தை 1:23.2 என்ற நேரத்தில் அவரே வென்றார். அடுத்த ஒலிம்பிக்குக்கு அவர் இல்லை. 1927 ஜனவரியில் புற்றுநோயால் 23 வயதில் இறந்துபோனார்.

1928-இல் நெதர்லாந்தின் மரி பிரவுன் வென்றார். அவருக்குப் பயிற்சி அளித்தவர் அவருடைய தாயார். 1932-இல் அமெரிக்காவின் எலினார் ஹோம் 1:19.4 நேரத்தில் தங்கம் வென்றார். 1936-இல் பெர்லினுக்குப் புறப்பட்ட கப்பலில் அவர் மது அருந்தினார் என்று காரணம் காட்டி, அமெரிக்க ஒலிம்பிக் குழுத் தலைவர் ஏவரி பிரண்டேஜ் அவரை அணியிலிருந்தே நீக்கிவிட்டார். இந்தப் பிரண்டேஜ்தான் பிறகு 1952 முதல் 1972 வரை பன்னாட்டு ஒலிம்பிக் குழுவின் தலைவராக இருந்தார். 2025-இல் அதே நாற்காலியில் மல்லாந்த நீச்சல் வீராங்கனை ஒருவர் அமர்ந்தார், அது பின்னர்.

ஹோம் இல்லாத பெர்லின் இறுதிப் போட்டியில் நடந்தது இன்றும் பேசப்படுகிறது. நெதர்லாந்தின் நிடா சென்ஃப் 50 மீட்டரில் முன்னணியில் திரும்பினார். திரும்பும்போது கை சுவரில் படவில்லை. அப்படியே போயிருந்தால் தகுதி இழந்திருப்பார். அவர் மீண்டும் பின்னால் வந்து, சுவரைத் தொட்டு, பிறகு புறப்பட்டு, முந்திப் போனவர்களை எட்டிப் பிடித்து 1:18.9 நேரத்தில் வென்றார். இரண்டாவதாக வந்த ரீ மாஸ்டன்புரூக்கோடு வேறுபாடு 0.3 வினாடி. முதற்சுற்றில் சென்ஃப் 1:16.6-இல் நீந்தியவர் என்பதைப் பார்த்தால், ஒரு சுவரைத் தொடத் தவறியதன் விலை சுமார் 2 வினாடி என்று கணக்கிடலாம்.

போருக்குப் பின் டென்மார்க்கின் காரன் ஹாருப், தென்னாப்பிரிக்காவின் ஜோன் ஹாரிசன், பிரிட்டனின் ஜூடி கிரின்ஹாம் என்று வெவ்வேறு நாட்டவர் வென்றனர். 1956-இல் மெல்பர்னில் கிரின்ஹாமுக்கும் அமெரிக்காவின் கேரின் கோனுக்கும் கடிகாரம் காட்டியது ஒரே நேரம், 1:12.9. யார் முதலில் தொட்டார் என்பதை நடுவர்கள் கண்ணால் பார்த்தே முடிவு செய்தனர்.

ஒலிம்பிக் காணாத கேரன் மூயர்

பதக்கப் பட்டியலை மட்டும் படிப்பவர்களுக்குத் தெரியாமல் போகும் பெயர் கேரன் மூயர். தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி நகரைச் சேர்ந்தவர். 1965 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிளாக்பூலில் சிறுமியருக்கான போட்டியில் 110 கெஜம் மல்லாந்த நீச்சலை 1:08.7 நேரத்தில் முடித்தார். அது உலக சாதனை. அப்போது அவருக்கு 12 வயது. அதன்பின் 5 ஆண்டுகளுக்குள் அவர் படைத்த உலக சாதனைகள் 15.

1968 ஜூலையில் 200 மீட்டரை 2:23.8 நேரத்தில் நீந்தி உலக சாதனை வைத்திருந்தார். மூன்று மாதம் கழித்து மெக்சிகோ ஒலிம்பிக்கில் இந்தத் தூரம் பெண்களுக்கு முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. அங்கே தங்கம் பெற்ற அமெரிக்காவின் போக்கி வாட்சன் நீந்திய நேரம் 2:24.8. மூயர் அங்கே இல்லை. நிறவெறிக் கொள்கையின் காரணமாகத் தென்னாப்பிரிக்கா 1964 முதலே ஒலிம்பிக்கிலிருந்து விலக்கப்பட்டிருந்தது.

ஒரு சிறுமிக்கு இது அநீதி என்று தோன்றலாம். ஆனால் அந்த விலக்கு ஏன் வந்தது என்பதைத் தமிழ் வாசகர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள். தென்னாப்பிரிக்காவில் 1953-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று பூங்கா, கடற்கரை, நீச்சல்குளம் எல்லாவற்றையும் நிறவாரியாகப் பிரித்திருந்தது. டர்பனிலும் நேட்டாலின் பிற ஊர்களிலும் தலைமுறைகளாக வாழ்ந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் வெள்ளையர் குளத்தில் கால் நனைக்க முடியாது. கறுப்பினப் பிள்ளைகளின் நிலை அதைவிட மோசம். மூயர் பயிற்சி பெற்றது போன்ற குளத்தில் இறங்கும் வாய்ப்பே இல்லாததால் எந்தப் பட்டியலிலும் வராமல் போன சிறுமிகள் எத்தனை பேர் என்பதற்குக் கணக்கில்லை. மூயர் பிறகு மருத்துவரானார்; 2013-இல் காலமானார். தென்னாப்பிரிக்கா ஒலிம்பிக்குக்குத் திரும்பியது 1992-இல்.

கிழக்கு ஜெர்மனியும் மாத்திரைகளும்

1973-இல் பெல்கிரேடில் முதல் உலக நீச்சல் சாம்பியன்ஷிப் நடந்தது. 100 மீட்டரில் ரிக்டரும் 200 மீட்டரில் பெலோட்டும் வென்றனர். அடுத்த மூன்றே ஆண்டில், 1976 ஜூனில், ரிக்டரின் சாதனை 1:01.51 ஆகிவிட்டது. ஏறத்தாழ 4 வினாடிக் குறைவு. மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் பெண்களுக்கான 13 நீச்சல் தங்கங்களில் 11 கிழக்கு ஜெர்மனிக்குச் சென்றன. மல்லாந்த நீச்சலின் இரு தூரங்களிலும் முதல் இரண்டு இடங்கள் ரிக்டருக்கும் பிர்கிட் டிரைபருக்கும். இரண்டிலும் வெண்கலம் கனடாவின் நான்சி கேராபிக்குக்கு. கேராபிக் 1975-இல் 13 வயதில் 200 மீட்டரில் உலக சாதனை படைத்தவர்.

இந்த வெற்றிகளுக்குப் பின்னால் இருந்தது என்ன என்பது பெர்லின் சுவர் விழுந்த பிறகு ஆவணங்களோடு வெளிவந்தது. கிழக்கு ஜெர்மனி அரசு 1974-இல் ஊக்கமருந்து வழங்குவதை ஒரு மறைமுக அரசுத் திட்டமாகவே வகுத்திருந்தது. ஓரல் டூரினபால் என்ற, ஆண்மை இயக்குநீரைப் போன்ற மருந்து விளையாட்டு வீராங்கனைகளுக்கு மாத்திரையாகத் தரப்பட்டது. சிறுமிகளில் பலரிடம் அது வைட்டமின் என்று சொல்லப்பட்டது. பெற்றோருக்கும் தெரிவிக்கப்படவில்லை.

ரிக்கா ரைனிஷ் அவர்களில் ஒருவர். 1980-இல் மாஸ்கோ ஒலிம்பிக்கில் 15 வயதில் மூன்று தங்கம் வென்றார். 100 மீட்டரில் 1:00.86, 200 மீட்டரில் 2:11.77; இரண்டும் உலக சாதனை. அமெரிக்கா புறக்கணித்த அந்த ஒலிம்பிக்கில் மல்லாந்த நீச்சலின் ஆறு பதக்கங்களும் கிழக்கு ஜெர்மனிக்கே. இரண்டு ஆண்டுக்குள் சூலகப் பாதிப்பால் ரைனிஷ் நீச்சலை விட்டுவிட்டார். பின்னாளில் தமக்கு மாத்திரை கொடுக்கப்பட்டதை வெளிப்படையாகப் பேசினார். பெர்லின் நீதிமன்றத்தில் பாதிக்கப்பட்டவர்களில் ஒருவராக முன்வந்தார். 2000-ஆம் ஆண்டில் அந்நாட்டின் முன்னாள் விளையாட்டுத் தலைவர் மன்ஃபிரெட் எவால்டும், மருத்துவர் மன்ஃபிரெட் ஹோப்னரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. இருவருக்கும் கிடைத்தது நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை.

பதக்கப் பட்டியல் இன்றுவரை மாற்றப்படவில்லை. கேராபிக்கின் இரண்டு வெண்கலங்கள் வெண்கலங்களாகவே இருக்கின்றன. பட்டியலைத் திருத்த வேண்டும் என்று கேட்பவர்களின் நியாயம் புரிகிறது. ஆனால் ரைனிஷ் போன்றவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று அழைப்பது சரியாகாது. வேலியாக இருக்க வேண்டிய அரசே பயிரை மேய்ந்த கதை இது. 1:00.86 என்ற நேரம் எவ்வளவு கனமானது என்பதற்கு ஓர் அளவு உண்டு. ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் அதைவிட வேகமாக ஒரு பெண் நீந்த மேலும் 12 ஆண்டு பிடித்தது. அதற்குள் திரும்பும் விதியும் மாறியிருந்தது.

எகர்செகியும் திரும்பும் விதியும்

1988-இல் சியோலில் 100 மீட்டரை வென்றவர் கிழக்கு ஜெர்மனியின் கிறிஸ்டின் ஓட்டோ. இரண்டாவதாக வந்தவர் ஹங்கேரியின் கிறிஸ்டினா எகர்செகி, வயது 14. உடன் நீந்தியவர்களின் தோளுயரம்கூட இல்லாதவர் போலத் தெரிந்த மெல்லிய சிறுமி. 200 மீட்டரில் அதே சிறுமி கிழக்கு ஜெர்மனியரை முந்தி 2:09.29 நேரத்தில் தங்கம் வென்றார். ஹங்கேரிய மொழியில் 'எகெர்' என்றால் எலி. பெயரின் முற்பகுதியை வைத்து 'சுண்டெலி' என்று செல்லமாக அழைத்தனர். 1992, 1996 ஒலிம்பிக்குகளிலும் 200 மீட்டர் தங்கம் அவருக்கே. அட்லாண்டாவில் இரண்டாவதாக வந்தவரைவிட 4 வினாடிக்கும் மேல் முன்னால் இருந்தார். 1991-இல் அவர் வைத்த 2:06.62 என்ற சாதனை 2008 வரை நின்றது. மாத்திரைக் காலத்துக்கும் பளபளப்பான நீச்சலுடைக் காலத்துக்கும் நடுவே நின்ற இந்தச் சாதனை, இப்பந்தயத்தின் வரலாற்றில் தனி மதிப்புக்குரியது.

அந்த ஆண்டுகளில் இரண்டு விதிகள் மாறின. சியோலில் அமெரிக்காவின் டேவிட் பெர்காஃப், ஆண்கள் பிரிவில், தொடக்கத்தில் 30 மீட்டருக்கும் மேல் நீருக்கடியிலேயே கால்களை மீன்வால்போல் அடித்துச் சென்றார். மேற்பரப்பில் அலை தடுப்பதைவிட ஆழத்தில் தடை குறைவு என்பதே அதன் சூட்சுமம். இப்படியே போனால் மல்லாந்த நீச்சல் முழுகு நீச்சலாகிவிடும் என்று அஞ்சிய கூட்டமைப்பு முதலில் 10 மீட்டர் என்றும், பிறகு 15 மீட்டர் என்றும் எல்லை விதித்தது. மற்றொன்று திரும்புதல். அதுவரை மல்லாந்த நிலையிலேயே கையால் சுவரைத் தொட்டுவிட்டுத்தான் திரும்ப வேண்டும். 1991 முதல், சுவரை நெருங்கியதும் குப்புறப் புரண்டு, குட்டிக்கரணம் போட்டு, கால்களால் மட்டும் சுவரைத் தொட்டு உதைத்துச் செல்ல அனுமதி கிடைத்தது. சென்ஃப் 1936-இல் தவறவிட்ட கைத்தொடுதல் இப்போது தேவையே இல்லை.

ஒரு நிமிடத்துக்குள்

சீனாவின் ஹெ சிஹோங் 1994 ரோம் சாம்பியன்ஷிப்பில் வைத்த 1:00.16 சாதனையை எட்டு ஆண்டு யாரும் தொடவில்லை. 2002 ஆகஸ்டில் அமெரிக்காவின் நடாலி காஃப்லின் 59.58 வினாடியில் நீந்தி, ஒரு நிமிடத்துக்குள் 100 மீட்டரை முடித்த முதல் பெண் ஆனார். நீருக்கடியில் அவர் அடித்த கால்வீச்சே அவருடைய பலம்.

இதற்கு முன், 1998-இல் பெர்த்தில் 200 மீட்டரை வென்றவரைப் பற்றி ஒரு வார்த்தை. ருமேனியாவில் பிறந்து, சிறுவயதில் குடும்பத்தோடு பிரான்சுக்குக் குடிபெயர்ந்த ரொக்சானா மராசினேயனு, பிரான்சு நாட்டின் முதல் உலக நீச்சல் சாம்பியன். பிறகு 2018-இல் அந்நாட்டின் விளையாட்டு அமைச்சரானார்.

ஜிம்பாப்வேயின் கிர்ஸ்டி கவன்ட்ரி 2004, 2008 ஒலிம்பிக்குகளில் 200 மீட்டர் தங்கம் வென்றார். அந்நாடு இதுவரை பெற்ற எட்டு ஒலிம்பிக் பதக்கங்களில் ஏழு அவருடையவை. எகர்செகியின் 17 ஆண்டுச் சாதனையை முறியடித்தவரும் அவரே. 2025-இல் அவர் பன்னாட்டு ஒலிம்பிக் குழுவின் தலைவரானார். அப்பதவிக்கு வந்த முதல் பெண், முதல் ஆப்பிரிக்கர்.

2009-இல் ரோமில் நடந்த சாம்பியன்ஷிப்பைப் பற்றிப் பேசும்போது நீச்சலுடையைத்தான் முதலில் பேச வேண்டும். பாலியூரித்தேன் பூசிய உடை உடலை இறுக்கி, நீரில் உயர்த்திக் காட்டியது. ஒரே சாம்பியன்ஷிப்பில் 43 உலக சாதனைகள் உடைந்தன. 100 மீட்டரில் பிரிட்டனின் ஜெம்மா ஸ்போஃபர்த் 58.12 வினாடி. 2010 தொடக்கத்தில் அந்த உடைகள் தடை செய்யப்பட்டன. துணியாலானவை மட்டுமே அனுமதி. ஆனால் சாதனைகள் அழிக்கப்படவில்லை. எட்டு ஆண்டு கழித்து, 2017-இல் புடாபெஸ்டில், கனடாவின் கைலி மாஸ் சாதாரண உடையில் 58.10 நீந்தி அந்தக் கணக்கைத் தீர்த்தார். நூற்றில் இரண்டு பங்கு வினாடிதான் வேறுபாடு. ஆனால் அது உடையின் வேகமன்று, ஆளின் வேகம்.

அதன்பின் போட்டி பெரும்பாலும் இருவருக்கிடையே நடக்கிறது. அமெரிக்காவின் ரீகன் ஸ்மித் 2019-இல் குவாங்ஜூவில், தொடர் கலப்பு நீச்சலின் முதல் ஆளாக 57.57 நீந்தினார். ஆஸ்திரேலியாவின் கெய்லி மெக்கியோன் 2021-இல் அதை 57.45 ஆக்கினார். டோக்கியோவில் மானா பட்டேல் நீந்திய அதே நாளில், மூன்று முதற்சுற்றுப் பிரிவுகளில் அடுத்தடுத்து மாஸ், ஸ்மித், மெக்கியோன் மூவரும் ஒலிம்பிக் சாதனையை ஒருவர் பின் ஒருவராக உடைத்தனர். தங்கம் மெக்கியோனுக்கு, 57.47. முந்தைய ஆண்டு ஆகஸ்டில் மூளைப் புற்றுநோய்க்குத் தந்தையைப் பறிகொடுத்தவர் அவர். 2023 ஃபுகுவோகா சாம்பியன்ஷிப்பில் 50, 100, 200 மூன்று தூரங்களையும் வென்றார். பாரிசில் 2024-இல் 100, 200 இரண்டிலும் மீண்டும் தங்கம். 100 மீட்டரில் இன்றைய உலக சாதனை ஸ்மித் 2024 ஜூனில் நீந்திய 57.13.

தெற்காசியப் பெண்கள்

இந்தியப் பெண்கள் ஒலிம்பிக் நீச்சலுக்கு முதலில் சென்றது 1952-இல் ஹெல்சின்கிக்கு: டாலி நசீர், ஆரத்தி சாஹா. ஆரத்திக்கு அப்போது 11 வயது. பிறகு 1959-இல் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார். அதன்பின் வந்தவர்களில் நிஷா மில்லட் குறிப்பிடத்தக்கவர். சிறுவயதில் நீரில் மூழ்கிப் பிழைத்த அவருக்குத் தந்தை நீச்சல் சொல்லிக்கொடுத்தது சென்னை ஷெனாய் நகரில். பின்னர் பெங்களூருவில் பயின்று, 2000-இல் சிட்னியில் 200 மீட்டர் கட்டற்ற நீச்சலில் பங்கேற்றார்.

மானா பட்டேல் 2000-ஆம் ஆண்டு பிறந்தவர். அகமதாபாத்தில் கமலேஷ் நானாவதியிடம் பயின்றார். 2017-இல் தோள்பட்டைக் காயம். மல்லாந்து நீந்துபவருக்குத் தோள்தான் முதல். மீண்டு வந்து டோக்கியோவுக்குச் சென்றது தகுதி நேரத்தை எட்டியதால் அன்று, யுனிவர்சாலிட்டி ஒதுக்கீட்டில். தகுதி பெற்றவர் இல்லாத நாடும் ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் அனுப்பலாம் என்பது இந்த ஒதுக்கீடு. இதைச் சிலர் இரக்கத்தால் கிடைத்த சீட்டு என்று குறைத்துப் பேசுவதுண்டு. டோக்கியோவுக்கான நேரடித் தகுதி நேரம் 1:00.25. சிட்னியில் 2000-இல் ருமேனியாவின் டயானா மொகானு 1:00.21-இல் தங்கம் வென்றார். ஏதென்சில் 2004-இல் காஃப்லின் தங்கம் வென்றது 1:00.37-இல். அதாவது ஏதென்ஸ் தங்க நேரத்தைக் கொண்டு டோக்கியோவின் நேரடித் தகுதியைப் பெற முடியாது. வாசல் அவ்வளவு உயர்ந்துவிட்டது. ஒதுக்கீடு இல்லையென்றால் உலகின் பாதி நாடுகள் அந்த வாசலையே பார்க்க முடியாது.

அன்று மானா பட்டேலின் பிரிவில் முதலாவதாக வந்தவர் ஜிம்பாப்வேயின் டொனாட்டா கட்டாய், வயது 17. ஜிம்பாப்வே சார்பில் ஒலிம்பிக்கில் நீந்திய முதல் கறுப்பினத்தவர் இவர். மூயர் காலத்தில் தெற்கு ஆப்பிரிக்காவில் மூடிக்கிடந்த குளங்களை எண்ணிப் பார்த்தால், யாரும் கவனிக்காத அந்த முதல் பிரிவுதான் அன்றைய பந்தயங்களில் முக்கியமானது என்றுகூடச் சொல்லலாம்.

இதே 100 மீட்டர் மல்லாந்த நீச்சலில் 2016-இல் ரியோவில் இலங்கையின் கிமிக்கோ ரஹீமும் நேபாளத்தின் கௌரிகா சிங்கும் நீந்தினர். கௌரிகாவுக்கு வயது 13. ரியோ ஒலிம்பிக்கிலேயே மிக இளையவர். 2015 நிலநடுக்கத்தின்போது காத்மாண்டுவில் இருந்து உயிர் தப்பியவர். அவர் நீந்திய நேரம் 1:08.45. இது 1960-இல் ரோமில் தங்கம் வென்ற லின் பர்க்கின் 1:09.3-ஐவிட வேகம்.

தமிழ்நாட்டில் 1995-இல் நடந்த தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காகச் சென்னை வேளச்சேரியில் பன்னாட்டுத் தரத்தில் நீச்சல் வளாகம் கட்டப்பட்டது. பல மாவட்டத் தலைநகரங்களிலும் அரசு நீச்சல்குளங்கள் உள்ளன. ஆனால் கொடித் தோரணமும் 50 மீட்டர் நீளமும் உள்ள குளத்தில் நாள்தோறும் இரு வேளை நீந்துவது மலையடிவார ஊர்ப் பெண்ணுக்கு எளிதன்று. கிணற்றின் விட்டத்துக்குள் மல்லாந்து நீந்தலாம். கைவீச்சை எண்ணிச் சுவரை உணரும் பழக்கம் அங்கே வராது.

சிங்கப்பூர் 2025

2025 ஜூலை, ஆகஸ்டில் உலக நீச்சல் சாம்பியன்ஷிப் சிங்கப்பூரில் நடந்தது. தென்கிழக்கு ஆசியாவில் இதுவே முதல் முறை. தமிழை ஆட்சிமொழிகளில் ஒன்றாகக் கொண்ட நாட்டில் நடந்த முதல் உலக நீச்சல் சாம்பியன்ஷிப்பும் இதுதான். மெக்கியோன் 100 மீட்டரை 57.16-இலும் 200 மீட்டரை 2:03.33-இலும் வென்றார், இரண்டிலும் ஸ்மித் இரண்டாவது. 50 மீட்டரில் அமெரிக்காவின் கேத்தரின் பெர்காஃப் வென்றார். சியோலில் நீருக்கடியில் நீந்தி விதியையே மாற்றவைத்த டேவிட் பெர்காஃபின் மகள் இவர்.

50 மீட்டர் மல்லாந்த நீச்சல் உலக சாம்பியன்ஷிப்பில் 2001 முதல் இருந்தாலும் ஒலிம்பிக்கில் இதுவரை இல்லை. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் முதன்முறையாக இடம்பெறுகிறது. அதில் திரும்புதல் கிடையாது. ஒரு முனையில் புறப்பட்டு மறுமுனையைத் தொட்டால் பந்தயம் முடிந்தது.